ஸ்விட்சைத் தொடாத நாற்பது நிமிடம்

நாற்றங்கால் அரங்கத்தின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன அன்றுதான் அந்த மெக்கானிக் முதன்முதலாக அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தான். உள்ளே ஒருவர் ஒன்றரை மணி நேரமாகச் சிக்கியிருந்தார். மெக்கானிக் மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றி, கூண்டை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தான். இப்படி மீட்கப்படுகிறவர்கள் வழக்கமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. காலுறை மட்டும் போட்ட காலோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர், அவனை வருத்தத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் அவசரப்பட்டீங்க? இப்பத்தான் ஏதோ தோண ஆரம்பிச்சுது," என்றார்.

அவர்தான் நாற்றங்காலின் தலைமை வளர்ப்பாளர்.

நாற்றங்கால் சின்ன அரங்கம். நாற்பது நாற்காலி, ஒரு மேடை, ஒத்திகைக்கு மூன்று அறைகள். லாப நோக்கம் கிடையாது. நல்ல மனம் படைத்தவர்களின் நன்கொடையில் ஓடுவது. உருவாகிக்கொண்டிருக்கும் சோதனை நாடகங்களைச் சீராட்டி வளர்ப்பது அதன் பணி. இருபத்திரண்டு ஆண்டுகளில் நூற்று அறுபது நாடகங்களை வளர்த்திருந்தார்கள். அவற்றில் எத்தனை முழுதாக மேடையேறின என்று மெக்கானிக் பின்னாளில் கேட்டபோது, ஒன்றுகூட இல்லை என்று அங்கிருந்தவர்கள் கூச்சமே இல்லாமல், கொஞ்சம் பெருமையோடுகூடச் சொன்னார்கள்.

அன்று கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்தான். 'உங்களுக்குள் முடியாமல் ஏதாவது கிடக்கிறதா? கொண்டு வாருங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.' மூன்று முறை படித்தான்.

அவனுக்குள் எட்டு வருடமாக ஒன்று கிடந்தது.

அவனும் அவன் அண்ணனும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். அண்ணன் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி அடிப்பாகத்தைச் சரிபார்ப்பார். தம்பி உச்சியில் மோட்டார் அறையில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காத்திருப்பான். குழியை விட்டு வெளியே வந்த பிறகு அண்ணன் கீழிருந்து "போடு" என்று குரல் கொடுப்பார். குரல் வந்தால்தான் ஸ்விட்ச். குரல் வராமல் கை அதன் பக்கம் போகக்கூடாது. எட்டு வருடம் முன்னால் ஒரு நாள், குரல் வராமலே தம்பி ஸ்விட்சைப் போட்டான். லிஃப்ட் இறங்கியது. அண்ணன் இன்னும் குழிக்குள் இருந்தார்.

விசாரணையில் அவன் வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது. அண்ணன் "போடு" என்று கத்தியதாகச் சொல்லிவிட்டான். குழியை விட்டு ஏறுவதற்கு முன்பே அவசரப்பட்டுக் குரல் கொடுத்திருக்கிறார், இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அதோடு போயிருந்தால்கூட அவன் எப்படியோ காலத்தை ஓட்டியிருப்பான். ஆனால் அண்ணி அந்த அறிக்கையை வேறு மாதிரி படித்தாள். அன்று காலையில் அவளுக்கும் அண்ணனுக்கும் சண்டை. ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வா என்று கத்தியிருந்தாள். அதனால்தான் அவர் அவசரப்பட்டார் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலை அவளுக்கு. எட்டு வருடமாக அவள் யாரிடமும் "சீக்கிரம்" என்று சொன்னதில்லை. மகள் கல்லூரியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்ல அவன் மூன்று தடவை போனான். முதல் தடவை மகள் குறுக்கே வந்துவிட்டாள். இரண்டாம் தடவை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினான். மூன்றாம் தடவை, அவன் வாயைத் திறப்பதற்குள், அண்ணனுடைய ஸ்பேனர் செட்டை எடுத்துவந்து "நீயே வெச்சுக்க தம்பி" என்று அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

மேடையில் நின்று சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இருட்டில் நாற்பது பேரில் ஒருத்தியாக அண்ணி இருப்பாள். இந்த எண்ணத்தில்தான் ஒரு நோட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதி நாற்றங்காலுக்கு எடுத்துக்கொண்டு போனான். வாசலில் செருப்பை வாங்கிக்கொண்டு, இருபத்துமூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாவற்றையும் அவன் படிக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் எழுத்தாளர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவன் படித்தான். "அண்ணன் கூப்பிடல. நானாத்தான் போட்டேன்." அதுதான் கடைசி வரி. படித்து முடித்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கலங்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்தான். தலைமை வளர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். நாடகம் அபாரமாக இருக்கிறது, ஒரே ஒரு கோளாறுதான் என்றார். அது முடிந்துவிடுகிறது.

நாடகம் என்றால் முடியத்தானே வேண்டும் என்று மெக்கானிக் கேட்டான். இந்த அரங்கத்துக்கே நாற்றங்கால் என்றுதானே பெயர், நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால்தானே பயிர் என்றும் சேர்த்துச் சொன்னான். 'பிடுங்கி' என்ற சொல்லுக்கு வட்டம் முழுவதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டது.

"வர்றவங்க எல்லாரும் முதல்ல இப்படித்தான் பேசுவாங்க," என்றார் தலைமை வளர்ப்பாளர், கோபமே இல்லாமல். "முடிவுங்கிறது என்ன? பார்க்கிறவன் எழுந்து வீட்டுக்குப் போயிடுவான். எழுதினவனும் எழுந்து போயிடுவான். அப்புறம் நாங்க எதுக்கு? நாங்க யாரையும் பூட்டி வைக்கல. கதவு திறந்துதான் இருக்கு. போறவங்க முடிவை மட்டும் எங்ககிட்ட விட்டுட்டுப் போகணும்."

வட்டத்தில் ஒரு நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அது யாருடையது என்று பக்கத்தில் இருந்த அக்காவிடம் மெதுவாகக் கேட்டான். அக்கா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பதினோரு வருடமாகத் தன் நாடகத்தின் முதல் காட்சியிலேயே இருப்பதால் எல்லோரும் அவளை 'முதல் காட்சி அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

"கடிகாரம் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் இருந்தாரு," என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. "முடிச்சிட்டாரு."

மெக்கானிக் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். யாரை முடித்தார் என்று கேட்டான். நாடகத்தைத்தான் என்றாள். அவரை முன்வரிசையில் உட்காரவைத்தே அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்களாம். ஒவ்வொருவராக எழுந்து அவருடைய நல்ல குணங்களைப் பேசினார்களாம். அவர் அழுதாராம். அதற்குப் பிறகு சில வாரங்கள் எதிர்ச்சாரியில் வந்து நின்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் இல்லை. யாரும் விசாரிக்கவில்லை.

அவன் நாடகத்தை வளர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு குறிப்பாளரை அவனுக்கென்று ஒதுக்கினார்கள். சாம்பல் நிற நோட்டு வைத்திருந்த மெலிந்த பெண். அவன் பேசுவதையும் பேசாமல் இருப்பதையும் எழுதிக்கொள்வது அவள் வேலை. அவன் வேறு கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும்போதும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வாள். நாளாக ஆக, எழுதும் சத்தத்தை வைத்தே, தான் இப்போது ஏதோ நல்லதாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரிய ஆரம்பித்தது.

முதல் மாதம் லிஃப்ட் போயிற்று. லிஃப்ட் மிகவும் நேரடியாக இருக்கிறதாம். மூன்றாம் மாதம் விசாரணை அதிகாரி போனார். ஐந்தாம் மாதம் ஒரு நிபுணர் வெளியூரிலிருந்து வந்து, அண்ணன் இருப்பதால்தான் அண்ணனுடைய இல்லாமை தெரியாமல் போகிறது என்று கண்டுபிடித்தார். அண்ணனை எடுத்தார்கள். வசனம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஒரு வருடத்தில் மிஞ்சியது வெற்று மேடை, அதன் நடுவில் ஒரு மெயின் ஸ்விட்ச், அதன் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் அவன் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொடக்கூடாது.

"அவன் போடப் போறான். எப்பவுமே போடப் போறான்," என்று தலைமை வளர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "இன்னும் போடல. அதுதான் அழகு."

பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் அவனை உண்மையில் பயமுறுத்தியது. அந்த முக்காலியில் உட்காரும்போது அவன் கை மடியில் இருந்தது. ஸ்விட்ச் அணைந்திருந்தது. குழிக்குள் அண்ணன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குரல் கொடுப்பார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு ராத்திரியில் தூக்கம் வந்தது. அண்ணி வீட்டுக்குப் போவது குறைந்தது. சொல்லவேண்டிய அவசரம் போய்விட்டது.

ஒரு நாள் முதல் காட்சி அக்காவின் ஒத்திகைக்குப் போனான். மேசை, இரண்டு தட்டு. அம்மாவும் மகனும் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். மகன் இன்னொரு இட்லி கேட்கிறான். அம்மா வைக்கிறாள். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் காட்சியில் என்ன வரும் என்று வெகுளியாகக் கேட்டுவிட்டான்.

அக்கா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "சாப்பிட்டு முடிச்சிட்டு வண்டிய எடுத்துட்டுக் கிளம்புவான்," என்றாள்.

துடைத்த தட்டை மறுபடி மேசையில் வைத்தாள். மகனாக நடிக்க வருகிற ஆளை அவர்கள் இதுவரை ஐந்து முறை மாற்றியிருந்தார்கள், வயது ஏறிவிடுகிறது என்று. அன்று வீட்டுக்கு நடந்தே போனான். பின்னால் பத்தடி தள்ளிக் குறிப்பாளரின் காலடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லிஃப்ட் குழியிலும் ஓர் ஆள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டே இருப்பது போலவும், யாருக்கும் குரல் எழும்பாதது போலவும் அவனுக்குத் தோன்றியது.

மறுநாளே தபால் அலுவலகத்துக்குப் போய், கவுன்ட்டரில் நின்றபடியே அண்ணியை நாடகத்துக்கு அழைத்தான்.

அங்கே நாடகம் பார்ப்பதற்குப் பெயர் பகிர்வு. கைதட்டக்கூடாது, தட்டினால் ஏதோ முடிந்துவிட்டதாக அர்த்தமாகும். நாடகத்துக்குப் பின் பார்வையாளர்கள் கையைத் தூக்கிக் கருத்துச் சொல்லலாம். எழுதியவன் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. இதையெல்லாம் தலைமை வளர்ப்பாளர் மேடையேறி மென்மையாக விளக்கினார். நான்காவது வரிசையில் அண்ணி, வேலைக்குப் போகிற புடவையோடு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு அவளைத் தெரிந்தது. அரங்கத்தில் அவ்வளவு இருட்டு இல்லை.

முக்காலியில் உட்கார்ந்தான். பத்து நிமிடம் போனது. இருபது போனது. யாரோ ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு மூக்கை உறிஞ்சினார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அவன் எழுந்து ஸ்விட்சைப் போட்டான்.

எதனோடும் இணைக்காத ஸ்விட்ச். 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணன் கூப்பிடல," என்றான் நான்காவது வரிசையைப் பார்த்து. "நானாத்தான் போட்டேன்."

உடனே கைகள் உயர்ந்தன. அந்த வரி இன்னும் பச்சையாக இருக்கிறது, ஆனால் வளர்த்தெடுக்கலாம் என்றார் ஒருவர். 'நான்' யார் என்ற கேள்வி தனக்கு எழுகிறது என்றார் இன்னொருவர். குற்றத்தைவிட ஸ்விட்சின் சத்தம் தன்னைத் தொட்டதாக ஓர் அம்மாள் சொன்னாள். குறிப்பாளர் மூச்சுவிடாமல் எழுதினாள். அண்ணி கையைத் தூக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"தம்பி, இது நாடகமா, நடந்ததா?"

தலைமை வளர்ப்பாளர் புன்னகையோடு குறுக்கே வந்தார். "அருமையான கேள்விம்மா. அதுக்குப் பதில் இல்லாம இருக்கிறதுதான் நல்லது. எழுதினவர் பேசமாட்டாரு. நீங்க அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"நடந்தது அண்ணி," என்றான் மெக்கானிக்.

அரங்கம் முழுவதும் ஒரு முனகல் எழுந்தது. அண்ணி அவனைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைக் கேட்டு வாங்கி, படியிறங்கிப் போனாள். வட்டத்து ஆட்கள் அவன் தோளை ஒவ்வொருவராகத் தொட்டார்கள். இரங்கல் கூட்டம் செவ்வாய்க்கிழமை என்று தலைமை வளர்ப்பாளர் அறிவித்தார். அவன் அவசியம் வரவேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே அண்ணி அவன் வீட்டு வாசலில் நின்றாள். கையில் பழைய விசாரணை அறிக்கையின் நகல்.

"அங்க சொன்னது போதாது. இத எழுதின இடத்துல வந்து சொல்லு," என்றாள்.

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவன் பின்னால். விசாரணை அலுவலகத்தில் அதிகாரி மாறியிருந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகம் கொண்ட ஒரு பெண்மணி. அவர்கள் உட்காரும்போதே மேசைமேல் ஒரு கடிதம் திறந்து கிடந்தது. அவன் இங்கேதான் வருவான் என்று ஊகித்து நாற்றங்கால் முன்கூட்டியே அனுப்பியது. கடிதத்தைக் கொண்டுவந்த குறிப்பாளர் சுவரோரம் சாம்பல் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவன் கையெழுத்திட்ட தாள்களின்படி, 'அண்ணன் கூப்பிடல, நானாத்தான் போட்டேன்' என்ற வரி அரங்கத்தின் பராமரிப்பில் இருக்கும் ஒரு படைப்பின் பகுதி. அது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதை வேறெங்கும் சொல்லவோ, பதியவோ, அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவோ அனுமதி இல்லை. அதிகாரி இதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வாக்குமூலமா, வசனமா? வசனம்னா நான் எழுத முடியாது. சட்டச் சிக்கல் வரும். நடந்ததா இருந்தா வேற வார்த்தையில சொல்லுங்க."

மெக்கானிக் கடிதத்தையே பார்த்தான். ஒன்றரை வருடமாக அந்த ஒரு வரியை மட்டுமே சுமந்துகொண்டு திரிந்திருந்தான். அதை எடுத்துவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்று தேடினான். தேடத் தேட, எந்தப் பக்கத்திலும் அவன் எழுதாதது ஒவ்வொன்றாக மேலே வந்தது.

மணி பன்னிரண்டே காலுக்கு மேல் இருக்கும் என்றான். பசி. பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருந்தது. சோதனை ஓட்டத்தை முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று தோன்றியது. "போடட்டா?" என்று ஒரு தடவை கீழே கேட்டான். பதில் இல்லை. பத்து எண்ணினான். போட்டான். லிஃப்ட் இறங்குகிற சத்தம் கேட்டது, நின்றது. சரியாகத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். "உடனே கீழ போனீங்களா?"

"இல்ல மேடம். உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டேன்."

பேனா நின்றது. சுவரோரம் இன்னொரு பேனாவும் நின்றது.

"எவ்வளவு நேரம்?"

"ஏழெட்டு நிமிஷம்."

அண்ணி அதுவரை அறிக்கையின் நகலை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீ போறப்ப உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி."

அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார். இவ்வளவு நாளில் குறிப்பாளர் வாயைத் திறந்து அவன் கேட்டதே இல்லை. இப்போது அவள் நோட்டை மூடினாள்.

"இத இப்படியே விட்டுடலாமே," என்றாள். "எழுத வேண்டாமே."

"எழுதுங்க மேடம்," என்றாள் அண்ணி.

அதிகாரி எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, இதன்மேல் வழக்கு வரலாம், வேலை போகலாம், தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றான். தாளை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு நிமிரும்வரை அண்ணி நாற்காலியை விட்டு எழவில்லை.